இடக்கைக்கு எட்டிய திரை

கண்ணோட்டம் என்றொரு குணத்தை நம் முன்னோர் அறங்களின் வரிசையில் வைத்தார்கள். பிறர் துன்பத்தைக் கண்டால் நெஞ்சு இளகுவது அதன் ஒரு பாதி. அதனினும் அரிதான மறுபாதி ஒன்று உண்டு: தான் காணப்படுவதை ஒருவர் விரும்பாத வேளையில், கண்டும் காணாதவராய் முகம் திருப்பிக்கொள்ளும் நயம். முதற்பாதி பலருக்கும் இயல்பாகவே வாய்க்கிறது. மருத்துவமனை வாசலில் கூடிநின்று கண்ணீர் விடுகிறவர்கள் எல்லாரிடமும் அது உண்டு. மறுபாதியோ கற்றால்தான் வரும். போர்ட் பிளேரில் ஹேடோ மேட்டில் குடியிருக்கும் வைஜெயந்தி அதைக் கற்றது ஒரு திரைச்சீலை வாங்கப் போய். அதுவும் முதலில் தவறாக வாங்கி, பிறகு திருத்திக்கொண்டு.

வைஜெயந்தி அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். கணவன் ஈஸ்வரன், சாத்தம் துறைக்கும் எதிர்க்கரைப் பம்பூபிளாட்டுக்கும் இடையே ஓடும் படகில் எஞ்சின் பார்ப்பவன். வீடு என்பது ஒரு கூடம், படியேறிச் செல்லும் ஓர் உள்ளறை, சமையற்கட்டு, அவ்வளவே. கூடத்துச் சன்னலில் நின்றால் சாத்தம் மரஆலையின் கூரையும் அதற்கப்பால் கடலும் தெரியும். அந்தக் கூடத்தை அவர்களுடையது என்று சொல்வதைவிடக் கப்பலுக்குக் காத்திருப்பவர்களுடையது என்று சொல்வதே பொருந்தும். தென்கோடித் தீவிலிருந்து வைத்தியத்துக்கும் வழக்குக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தலைநகர் வருகிற தமிழ்க் குடும்பங்கள், திரும்பும் கப்பல் கிடைக்கும்வரை தெரிந்தவர் கூடத்தில் பாய் விரிப்பது தீவு வழக்கம். அந்தத் தீவின் ஊரான கேம்பல் பேயிலிருந்து யார் வந்தாலும், "என் மகன் வீடு இருக்கு, போய் இறங்கு" என்று அனுப்பிவைக்கும் ஒரு மனிதர் அங்கே இருந்தார். ஈஸ்வரனின் தந்தை திருநாவுக்கரசு.

அவர் கட்டடக் காண்டிராக்டர். கேம்பல் பேயில் பாதிச் சுவர்கள் அவர் குரல் கேட்டு எழுந்தவை என்பார்கள். மனைவியை இழந்தபின்னும் தீவை விட்டு வர மறுத்து, தென்னந்தோப்புக்கு நடுவே தனியே வாழ்ந்தார். ஒரு காலை, பல் துலக்கும்போது வலக்கை உயராமல் போயிற்று. பக்கவாதம். அங்கிருந்த மருத்துவர்கள் உயிரைக் காத்துத் தந்தார்கள். நடக்கவும் பேசவும் ஓரளவு வந்த பிறகு, வைஜெயந்தியும் ஈஸ்வரனும் போய் அவரைக் கப்பலில் ஏற்றி அழைத்து வந்தார்கள்.

உள்ளறைப் படி அவர் காலுக்கு உயரம். குளியலறை வாசலோ கூடத்தில். ஆகவே கட்டில் கூடத்தின் மூலையில் இடம் பிடித்தது.

தொல்லை அங்கேதான் தொடங்கிற்று. அந்தக் கூடத்துக்கு வருகிறவர்கள் யாவர்? அவரே அனுப்பிப் பழக்கிய கேம்பல் பேக்காரர்கள். அவரிடம் கூலி வாங்கியவர்கள், அவர் அதட்டலுக்கு நடுங்கியவர்கள், அவர் கையெழுத்துக்குக் காத்து நின்றவர்கள். அவர்கள் கண்ணெதிரில் இடக்கையால் சோற்றைப் பிசைந்து, பாதியை மார்பில் சிந்தி, கடைவாயில் வழிவதைத் துடைக்கத் துண்டைத் தேடும் நிலை அவருக்கு வந்தது. பழைய கொத்தனார் முத்துவீரனும் அவன் மனைவி அலமுவும் மருத்துவமனைக்கு வந்து கூடத்தில் தங்கிய அன்று, ஐயாவைப் பார்த்த முத்துவீரன் குலுங்கி அழுதுவிட்டான். திருநாவுக்கரசு தட்டைத் தள்ளிவைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன்பின் கூடத்தில் ஆள் இருந்தால் அவர் உண்பதில்லை. கூடத்தில் ஆள் இல்லாத நேரமோ அந்த வீட்டில் அரிது. உடம்பு தேய்ந்துகொண்டே வந்தது.

பிறகு ஒரு மாலை மகனைக் கூப்பிட்டார்.

"கேம்பல் பே கப்பல் எப்ப? பங்க் கிளாஸ்ல படுக்கை டிக்கெட் ஒண்ணு போடு."

"அங்க யாருப்பா இருக்கா உங்களுக்கு?"

"யாரும் இல்ல. அதான் போறேன்."

இன்னொரு முறை தனியாக விழுந்தால் தூக்க ஆளிருக்காது, மருத்துவமனைப் பயிற்சி நின்றால் கை திரும்ப வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஈஸ்வரன் அதை எடுத்துச் சொன்னான், பிறகு கத்தினான், பிறகு படகுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனான். வைஜெயந்தி கட்டிலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவே ஒரு திரை இருந்தால்?

அதுவரை அவள் திரைச்சீலை என்று ஒன்றை விலைக்கு வாங்கியதில்லை. உப்புக்காற்றும் ஓயாத மழையும் எதையும் விட்டுவைப்பதில்லை என்பதால் பழம்புடவைகளே சன்னல்களை ஆண்டுவந்தன. மறுநாளே அபர்தீன் பஜாரில் ஹபீப் முகம்மதுவின் கடைப் படியேறினாள். அந்தக் குடும்பம் இராமநாதபுரத்துக் கரையிலிருந்து வந்து இங்கே துணி விற்பது.

"வா தங்கச்சி, பைட்டோ, உக்காரு! சன்னல் புடவைக்கெல்லாம் ஒருவழியா ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டியா?"

"சன்னலுக்கு இல்ல பாய். கூடத்துக்கு நடுவுல மாட்டணும். மாமா கட்டிலை மறைக்க."

"மறைக்கணும்னா எவ்வளவு?"

"முழுசா. ஊசி முனைகூடத் தெரியக்கூடாது."

ஹபீபுக்கு உற்சாகம் பிறந்தது. வெல்வெட்டைப் பிரித்தார், கல்யாண மேடைபோல் இருக்கிறதென்று அவளே ஒதுக்கினாள். பளபளக்கும் சாட்டின், விரலில் நில்லாமல் வழுக்கிற்று. பூவலை மெல்லிழை, மறைப்பதற்குப் பதில் அழைத்துக் காட்டிற்று. கடைசியில் அவர் மேல்தட்டிலிருந்து இறக்கியது ஒரு கனத்த துணி. ஆழ்ந்த பச்சை, பின்புறம் இரட்டை அடுக்கு, தலைப்பில் பெரிய எஃகு வளையங்கள்.

"ஹேவ்லாக் தீவுல புது ரிசார்ட் முழுக்க இதான். மட்லப், அதாவது வெளிய வெயில் கொளுத்துது, உள்ள வெள்ளைக்காரன் பகல் பன்னெண்டு மணிக்குக் குறட்டை விடுறான்!"

"எங்க மாமா டூரிஸ்ட் இல்ல பாய்."

"அவரும் தூங்கட்டுமே, பாவம்."

அவள் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இருட்டு. மனம் நிறைந்தது. தடித்த கம்பியில் அதை மாட்டி, ஓரங்களை இழுத்துவிட்டுக் கட்டில் மறைந்ததும், ஒரு பெரிய கடமையை முடித்தவளாய் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் மூன்றாம் வேளைச் சோறும் அப்படியே திரும்பி வந்தது. பச்சைத் திரைக்குள் பகலிலும் விளக்கில்லாமல் ஒன்றும் தெரியவில்லை. மழையின் ஈரத்தை உறிஞ்சிக் கனத்து, ஊறிய சாக்கின் வாடை அடித்தது. படுத்தபடி இடக்கையால் இழுத்தால் எஃகு வளையங்கள் கம்பியில் கடித்துக்கொண்டு நின்றன. திறக்க வேண்டுமென்றால் மருமகளைக் கூப்பிட வேண்டும். மூட வேண்டுமென்றாலும் கூப்பிட வேண்டும். வெளியே இருந்தவர்களோ, துக்க வீட்டில் அமர்ந்தவர்களைப்போலக் குரல் தாழ்த்திப் பேசினார்கள். அலமு மட்டும் தாழ்த்தவில்லை. அவர் ஒருவழியாகத் தட்டில் கை வைத்த வேளையில் குனிந்து, திரையின் ஓரத்தை ஒற்றை விரலால் விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"ஐயா முழிச்சுத்தான் இருக்காரு புள்ள! சாப்புட்டுக்கிட்டு இருக்காரு, பாவம், எல்லாம் கீழ சிந்துது..."

உள்ளே தட்டு விழுந்த ஓசை கேட்டது.

"வைஜெயந்தி! இதைத் திறந்து விடு. எல்லாரும் நல்லாப் பார்த்துட்டுப் போகட்டும். டிக்கெட் வெச்சுக் கூட்டத்தை உள்ள விடு, போ!"

அன்று மாலை ஈஸ்வரன் தோற்றான். கேம்பல் பே கப்பலில் ஒரு படுக்கைக்குச் சீட்டு எடுத்து வந்து, சன்னல் விளிம்பில் வைத்தான். முத்துவீரனுக்கும் அலமுவுக்கும் அதே கப்பலில் இடம் கிடைத்தது.

மறுநாள் வைஜெயந்தி மாமனாரின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். பையின் அடியில், வந்த பயணத்தின் கசங்கிய கப்பல் சீட்டுத் துண்டு கிடந்தது. அதைக் கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கப்பல் நினைவுக்கு வந்தது.

வரும்போது அவர் கீழ்ப்படுக்கையில் இருந்தார். எதிர்ப்படுக்கையில் அவள். அந்தப் படுக்கைகளுக்கு முன்னே மெல்லிய கம்பி ஒன்றில், வெளுத்துச் சாயம்போன ஒரு துணி ஓடும். நோய் கண்டு சில வாரங்களே ஆகியிருந்த அந்த மனிதர், கப்பல் ஆடிய ஆட்டத்திலும் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. துணிக்குள்ளிருந்து இடக்கை நீளும், தட்டை வாங்கிக்கொள்ளும், சற்று நேரம் கழித்துக் காலித் தட்டை நீட்டும். பேசத் தோன்றினால் அவரே துணியை விலக்கி, "கச்சால் தீவு தாண்டியாச்சா?" என்று கேட்பார். சுற்றிலும் முன்பின் அறியாத முகங்கள் இருந்தன. இடையில் இருந்ததோ ஒரு நைந்த துணி. ஆனாலும் அங்கே திரை அவர் கையில் இருந்தது. இந்த வீட்டில் அதைத் தான் பறித்து வைத்திருப்பதை வைஜெயந்தி அப்போது உணர்ந்தாள். அதைவிடக் கசப்பான இன்னொன்றும் உறைத்தது. எத்தனையோ வீடுகளுக்குக் கதவும் சன்னலும் தீர்மானித்த மனிதரிடம், அவர் கட்டிலுக்கு என்ன திரை வேண்டும் என்று யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

பச்சைத் துணியைச் சுருட்டிக்கொண்டு அவள் பஜாருக்கு ஓடினாள்.

"என்ன தங்கச்சி, வெள்ளைக்காரன் முழிச்சுக்கிட்டானா?"

"சிரிக்காதீங்க பாய். இதைத் திருப்பி எடுத்துக்குங்க. கடையில இருக்கிற எல்லாத்துலயும் ஒரு சாண் துண்டு குடுங்க. மாமாவே பார்த்துச் சொல்லட்டும்."

"கடைக்கு வராத கஸ்டமர்தான் உயிரை எடுப்பார், நினைவு வெச்சுக்க," என்றார் ஹபீப். ஆயினும் கத்தரிக்கோல் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. பச்சைத் திரையை உதறிப் பார்த்து, "இதை என் சம்பந்தி தலையில கட்டிர்றேன்," என்று உள்ளே எறிந்தார்.

துண்டுகளைக் கட்டிலில் பரப்பியபோது திருநாவுக்கரசு ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எதுக்கு இது? நான்தான் போறேனே."

"நீங்க போனாலும் திரை இங்கதானே மாமா இருக்கும்? உங்க ஊர்க்காரங்க யாராவது படுப்பாங்க. போறதுக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எனக்குத் தெரியல, ஒரு தடவை வாங்கி ஏமாந்துட்டேன்."

பிறகு இடக்கை மெல்ல ஊர்ந்து ஒரு துண்டைத் தொட்டது.

"இது பாவாடைத் துணி."

"சரி, வேண்டாம்."

"இது நனைஞ்சா தீபாவளிக்குத்தான் காயும். இது யார் எடுத்தது? ஜரிகையா? இதுக்குள்ள படுத்தா ஸ்வீட் பாக்ஸ்ல வெச்ச லட்டு மாதிரி இருப்பேன்."

சமையற்கட்டு வாசலில் நின்ற ஈஸ்வரன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பல நாட்களுக்குப் பிறகு அந்தக் குரலில் காண்டிராக்டர் எட்டிப் பார்த்தார். வெளிர்சந்தன நிறத்தில், இழைகள் சற்றே விலகி நெய்த கைத்தறிப் பருத்தித் துண்டு ஒன்றை அவர் தனியே எடுத்தார். முகத்துக்கு நேரே பிடித்தார்.

"டேய், சன்னல் பக்கம் போய் நில்லு. என் முகம் தெரியுதா?"

"தெரியலப்பா."

"நல்லாப் பாரு."

"துணிதான் தெரியுது."

"எனக்கு உன் முகம் தெரியுது. ஷேவ் பண்ணு முதல்ல."

வைஜெயந்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வெளிச்சம் சன்னல் பக்கம் இருக்கிறது, மூலை மங்கல். மங்கலில் இருப்பவன் வெளியே பார்க்கலாம், வெளியே நிற்பவன் உள்ளே பார்க்க முடியாது. சன்னலுக்கு வலை அடிக்கிற எவனுக்கும் இது தெரியும் என்று அவர் சலிப்போடு விளக்கினார். பொழுது சாய்ந்தால் விளக்கு சன்னல் பக்கம்தான் எரிய வேண்டும் என்றார். எஃகு வளையம் ஆகாது, இந்த ஊரில் எதுவும் துருப்பிடிக்கும். இலேசான பிளாஸ்டிக் வளையம், இறுக்கிக் கட்டிய மெல்லிய கம்பி. துணி தரையைத் தொடக்கூடாது. காற்று கீழே நுழைய வேண்டும்.

"அப்புறம் ஒரு கயிறு. இடது பக்கம். நான் படுத்துக்கிட்டே..." என்று தொடங்கியவர், தான் ஊருக்குப் போகிறவர் என்பது நினைவுக்கு வந்தாற்போல நிறுத்தினார். "இங்க படுக்கிறவனுக்குச் சொன்னேன்."

"ஆமா மாமா, படுக்கிறவங்களுக்குத்தான்," என்றாள் வைஜெயந்தி, துண்டுகளை அடுக்கியபடி, அவர் முகத்தைப் பாராமல்.

ஹபீபின் மனைவி ஷாஹிதா அன்றைக்கே தைத்துக் கொடுத்தாள். ஈஸ்வரன் கம்பி கட்டி, படகிலிருந்து கொணர்ந்த மெல்லிய கயிற்றை வளையங்களில் ஓடவிட்டு, நுனியில் கை பற்றுவதற்கு ஒரு முடிச்சுப் போட்டான்.

கப்பல் புறப்படும் நாள் வந்தது. பையும் ஊன்றுகோலும் வாசலருகே காத்திருந்தன. நண்பகல்; கூடத்தில் முத்துவீரனும் அலமுவும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். திரைக்குள் திருநாவுக்கரசுக்குச் சோறும் மீன்குழம்பும் வைத்துவிட்டு வைஜெயந்தி வெளியே வந்தாள். அவளுடைய காதுகள் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டன. இந்தத் தட்டும் தள்ளப்பட்டால் பை கப்பலேறிவிடும். ஏறியபின் அந்தத் தோப்பு வீட்டில் யார் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள்?

அலமு தன் வழக்கப்படி இரகசியம் பேசத் தொடங்கினாள்.

"ஏ புள்ள, ஐயாவைத் தனியா அனுப்புறீங்களே, ஊரு என்ன சொல்லும்..."

"அலமு!" திரை பேசியது. "நீ குசுகுசுன்னு பேசினா பம்பூபிளாட்டுக்கே கேக்கும். நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். உன் புருஷன் ஏன் சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கான்?"

முத்துவீரன் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தான். பொத்தான்கள் ஒரு படி இறங்கித்தான் இருந்தன.

"ஐயாவுக்கு எப்படித் தெரியுது?"

"சுவர் பூசும்போதே உனக்கு நேர்கோடு வராது. சட்டையில எங்க வரும்?"

கூடம் முழுதும் சிரித்தது. ஐயாவைக் கண்டு அழுத முத்துவீரனே எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பின் நடுவே திரையின் ஓரம் அசைந்தது. இடக்கை ஒன்று தட்டோடு வெளியே நீண்டது.

"கொஞ்சம் குழம்பு."

வைஜெயந்தி ஓடவில்லை, வேகமாய் நடந்தாள். கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஊற்றினாள். தட்டில் சோறு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கை உள்ளே போயிற்று. அவள் சமையற்கட்டுக்குள் நுழைந்து, பாத்திர மேடையைப் பற்றிக்கொண்டு, நெடுநாள் அடைத்துவைத்திருந்த மூச்சை ஒருமுறை முழுதாக விட்டாள்.

சற்றுக் கழிந்து தண்ணீர் கொப்பளிக்கும் ஓசை. பிறகு கயிறு இழுபடும் ஓசை. திரை பாதியில் நின்றது. ஈஸ்வரன் எழப் போனான். வைஜெயந்தி வாசலிலிருந்து கண்ணால் அவனை உட்காரவைத்தாள். எல்லாரும் மூட்டை முடிச்சைப் பார்ப்பவர்கள்போல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள்; அலமுவும்கூட. கயிறு மறுபடி இழுபட்டது. வளையங்கள் சரசரவென ஓட, திருநாவுக்கரசு முகம் துடைத்து, தலை வாரி, கட்டிலில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார்.

தலையணைக்கு அடியிலிருந்து அவர் எடுத்தது கேம்பல் பே வீட்டுச் சாவி.

"முத்துவீரா, இந்தா, பிடி. விழுந்த தேங்காயைப் பொறுக்கி வை. மழைக்கு முன்னால கூரைத் தகரத்தைப் பாரு. கோடு நேரா இல்லேன்னாலும் பரவாயில்ல."

"அப்ப ஐயா வரலையா?"

"கப்பல்ல மாட்டியிருக்கிற துணி மட்டம். இந்த மாதிரிப் போட்டா வர்றேன்னு கேப்டன்கிட்ட சொல்லு." பிறகு மகனைப் பார்த்தார். "என்னடா முழிக்கிற? போய் டிக்கெட்டைக் குடுத்துட்டு வா. இடமில்லாம காத்துக்கிடக்கிறவன் எவனாவது ஊர் போய்ச் சேரட்டும்."

ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து பிற்பகலில் கப்பலின் சங்கு ஊதியபோது வைஜெயந்தி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சில வாரங்களாக அந்த ஓசை கேட்கும்போதெல்லாம் அவள் கைவேலையை விட்டுக் கட்டில் பக்கம் எட்டிப் பார்த்துவந்தாள். அன்று பார்க்கவில்லை. சங்கு ஊதி முடிந்தது. வீட்டுக்குள் மாமனார் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அதட்டும் குரல் கேட்டது. அவள் கையிலிருந்த துணியை இன்னொரு முறை பிழிந்து உதறி, நிதானமாகக் கொடியில் போட்டாள்.

இப்போது திருநாவுக்கரசின் வலக்கை விரல்கள் ஒரு பந்தைப் பற்றும் அளவுக்கு வந்திருக்கின்றன. சன்னல்களின் பழம்புடவைகளையும் அவர் பதவியிறக்கிவிட்டார். ஹபீப் துண்டுகளை அனுப்புவதும், இவர் குறை சொல்லித் திருப்புவதும், நடுவில் வைஜெயந்தி தூது போவதுமாக அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

குன்றேறி நின்று துறைகளையெல்லாம் நோக்கும் முருகன் ஹேடோ மேட்டு வீட்டின்மேல் தன் அருட்பார்வையை நிறுத்துவானாக. அவ்வீட்டின் கூரை எந்தப் பருவமழைக்கும் உலர்ந்தே இருக்க. கடல் மேல் போகும் ஈஸ்வரன் அந்திதோறும் கரை சேர. வந்திறங்குவோர்க்குக் கூடத்தில் பாயும் அடுப்பில் குழம்பும் குறையாதிருக்க. மூத்தவர் கை நாளுக்கு நாள் வலுப்பெற. வைஜெயந்தியின் மனை, வேண்டும்போது மூடவும் வேண்டும்போது திறக்கவும் தத்தம் கைகளே போதும் என்ற நிறைவோடு நெடுங்காலம் வாழ்க, வாழ்க.